விரிசல் இல்லை

என் வேலை விரிசல் எண்ணுவது. சிரிக்காதீர்கள், அப்படியும் ஒரு வேலை இருக்கிறது. மதுரைக்கு அடியில் ரயில் விடுவதற்காகச் சுரங்கம் தோண்டுகிறார்கள் அல்லவா, தோண்டுவதற்கு முன்னால் மேலே இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய், சுவரில் ஏற்கெனவே என்னென்ன விரிசல் இருக்கிறது என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், நெடுக்கா, குறுக்கா. பதின்மூன்று வருடமாக இதையே செய்து கண் கெட்டுவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்க்கிறேன். சொந்தக்காரர்கள் என்னை வீட்டு விசேஷங்களுக்குக் கூப்பிடவே யோசிக்கிறார்கள்.

இந்தக் காலத்தில் இதற்கு ஆள் எதற்கு, ஒரு கருவி போதாதா என்று கேட்பீர்கள். கருவி இருக்கிறது. சுவரில் வைத்தால் செங்கல்லுக்கு உள்ளே இருப்பதையும் காட்டும். ஆனால் வீட்டுக்குள் குளிப்பது, தூங்குவது எல்லாம் அதில் பதிவாகிறது என்று ஒருவர் வழக்குப் போட்டு, வீட்டுக்குள் எந்தக் கருவியும் போகக்கூடாது என்று தீர்ப்பு வாங்கிவிட்டார். ஆகவே ஆள்தான் போக வேண்டும். கண்ணால் பார்த்ததை எழுதி, அதன் கீழே வீட்டுக்காரரின் கையெழுத்தை வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு வரியைக்கூட யாரும் மாற்ற முடியாது.

ஈயக்காரச் சந்துக்கு நான் போனது ஆவணி மாதத்தில். நாற்பத்திரண்டு வீடுகள். ஒரு வீட்டின் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர். சந்துக்குள் நுழையும்போதே பெயிண்ட் வாசம் மூக்கில் ஏறியது. பொங்கலுக்கு இன்னும் நாலைந்து மாதம் இருக்க, நாற்பத்திரண்டு வீடுகளும் புதுப்பெண் மாதிரி நின்றன. ரோஸ், பச்சை, இளமஞ்சள். எனக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

மூன்றாவது வீடு பாக்கியத்தாயுடையது. ஐம்பது வயதுக்காரர். முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி விற்கிறார். நான் சுவரில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். சுவர் குளிர்ந்திருந்தது. பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டி மாவு இன்னும் காயவில்லை. அப்படியே விரலை இழுத்துக்கொண்டு போனால், கூரையிலிருந்து ஜன்னல் வரை ஈரம் ஒரு கோடாக இறங்கியது. அது விரிசல். அடைத்து, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். வேலை தெரிந்த கை.

"என்னக்கா, புதுசாப் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க?"

"வீடுன்னா அடிக்கத்தான செய்வாக."

"நாப்பத்திரண்டு வீட்டுலயும் ஒரே வாரத்துலயா?"

பாக்கியத்தாய் கிரைண்டரை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். அதுவரை மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று மாறினார்.

"தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போகும். விரிசல்னு மட்டும் எழுதிராத. கீழத்தெருவுல என்ன பண்ணுனாய்ங்கன்னு ஒனக்குத் தெரியும்ல?"

தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு கீழத்தெருவில் யாரோ அதிகாரிகள் வந்து, விரிசல் விட்ட பத்தொன்பது வீடுகளில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆபத்தான கட்டடம், மூன்று நாளில் காலி செய்யவும். பழுது பார்த்ததும் திரும்ப வரலாம் என்று சொன்னார்கள். போனவர்கள் போனவர்கள்தான். இன்றைக்கு அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அன்றிலிருந்து இந்தப் பக்கத்து ஜனங்கள் விரிசல் என்ற வார்த்தையைக் கேட்டாலே கதவைச் சாத்துவார்கள்.

உள்ளறையில் ஓர் ஆள் கட்டிலில் படுத்திருந்தார். பாக்கியத்தாயின் கணவர் சோணைமுத்து. கொத்தனார். ஆறு வருடத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அவரைத் தூக்கிக்கொண்டு பாக்கியத்தாய் எங்கே போவார்? நான் யோசித்தேன். இத்தனை வருட அனுபவத்தில், நாங்கள் எழுதும் விரிசல் கணக்கு ஒன்றுக்குத்தான் பயன்படும். பின்னால் யாராவது சுவர் வெடித்துவிட்டது என்று வந்தால், 'இது முன்னாடியே இருந்தது' என்று சொல்லி விரட்டுவதற்கு. அப்படியென்றால் விரிசல் இல்லை என்று எழுதுவது இவர்களுக்கு நல்லதுதானே?

நாற்பத்திரண்டு வீட்டுக்கும் 'விரிசல் இல்லை' என்று எழுதினேன். நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் காபி கொடுத்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள். நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷத்தில் வண்டியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். என்னை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், வேறொரு தெருவின் படிவத்தில் ஏதோ எண் தவறிவிட்டதென்று கட்டுப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே இஞ்சினியர் நௌஷாத் இருந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், அக்கா என்று கூப்பிடுவான். சுவர் முழுக்கத் திரை. திரையில் ஊர். சில வீடுகள் வெளிர்நீலம், சில வீடுகள் கருநீலம். ஈயக்காரச் சந்து முழுக்கக் கருநீலமாக, மை கொட்டியது போல் கிடந்தது.

"இது என்ன தம்பி கலரு?"

"சமன் போடுற கலருக்கா. புது சிஸ்டம். இந்த லைன்லதான் மொத மொதல்ல வச்சிருக்கோம்." அவன் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தான். "மண்ணுக்கு அடியில எவ்வளவு பதமாத் தோண்டுனாலும் மேல தரை கொஞ்சம் இறங்கத்தான்க்கா செய்யும். அதை இல்லாமப் பண்ண முடியாது. ஆனா எங்க இறங்கணும்னு இப்ப நம்ம சொல்லலாம்."

"அது எப்படிச் சொல்ல முடியும்?"

"மெஷினு முன்னால தள்ளுற அழுத்தத்தைக் கூட்டிக் கொறைச்சு, சுத்தி சிமெண்டுப் பாலை எங்க அடைக்கணும், எங்க விடணும்னு நொடிக்கு நொடி மாத்திக்கிட்டே போகும். ஒரு பக்கம் பல்லு வலிச்சா அடுத்த பக்கம் வச்சு மெல்லுறோம்ல, அது மாதிரிதான். மொத்த இறக்கம் ஒண்ணுதான். யாரு தலையில எறக்கணும்கிறதுதான் கேள்வி."

"யாரு தலையில எறக்குது?"

"அங்கதான் சமன் நியாயஸ்தன்," என்றான் பெருமையாக. "நோஞ்சானைத் தொடாது. தெம்பா இருக்கிறவன் தூக்கட்டும்னு விட்டுரும். விரிசல் விட்ட வீட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் இறக்கம்கூடக் குடுக்காது. நல்லா இருக்க வீட்டுக்குப் பிரிச்சுக் குடுக்கும். நம்ம ஊர்ல எந்தப் பெரிய மனுஷன்க்கா இப்படி நடந்துக்கிறான்?"

நான் திரைக்குப் பக்கத்தில் போனேன். "நல்லா இருக்க வீடுன்னு அதுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

நௌஷாத் சிரித்தான். "நீங்க எழுதிக் குடுத்ததுதான்க்கா."

நான் சந்துக்கு எதிரே இருந்த ஐந்து மாடி ஜவுளிக்கடையைக் காட்டினேன். இரும்பும் கான்கிரீட்டுமாக யானை முட்டினாலும் அசையாத கட்டடம். திரையில் அது வெளிறிப்போய்க் கிடந்தது. "அதுவா? அவங்க சொந்தமா இஞ்சினியர் வச்சு எரநூத்திப் பன்னெண்டு விரிசல் காட்டி, படம் புடிச்சு, கையெழுத்துப் போட்டு ஃபைலாவே குடுத்துட்டாங்க. நஷ்டஈடு வாங்கலாம்னு நெனைச்சிருப்பாங்க. சமன் அதை ஐசியூ பேஷண்டு மாதிரி வச்சிருக்கு."

"அப்ப அவங்க பங்கு?"

"எதுத்தாப்புல."

எதிரே ஈயக்காரச் சந்து. வீட்டுக்குப் பதினெட்டு மில்லி என்றான் நௌஷாத். நல்ல வீடு தாங்கிவிடும், ஜன்னல் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான் என்றான். ஈரப் பட்டியால் ஒட்டவைத்த வீடு எவ்வளவு தாங்கும் என்று அவனிடம் நான் கேட்கவில்லை. மெஷின் எப்போது சந்துக்கு அடியில் வரும் என்று மட்டும் கேட்டேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை வரும் என்றான். அதற்கு ஒன்பது நாள் இருந்தது.

நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நௌஷாத் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து உட்கார்ந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டே வழிதான்க்கா. ஒண்ணு, ஒவ்வொரு வீட்டுலயும் போயி, விரிசல் இருக்குன்னு அவங்ககிட்டயே மறுபடி கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நான் ஏத்திர்றேன். சமன் மாத்திக்கும்."

"இன்னொண்ணு?"

"பாத்துட்டுத்தான் பொய் எழுதுனேன்னு நீங்க எழுதிக் குடுங்க. அப்ப நீங்க போன நாலாயிரத்துச் சொச்சம் வீட்டு ஆய்வும் செல்லாது. மெஷின் நின்னுரும். மறுபடி பாத்து முடிக்க ஆறு மாசம் ஆகும். உங்களுக்கு வேலை போகும். கேஸும் வரும்." நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டு, "நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லலை. நான் எதுவும் கேக்கலை" என்றான்.

நான் முதல் வழியை எடுத்தேன். ஏன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பிள்ளைகுட்டி, கடன், வைத்தியச் செலவு என்று ஏதாவது காரணம் இருந்தால் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. பயம். வேலை போய்விடும், போலீஸ் வரும், நாலு பேர் பேசுவார்கள் என்ற பயம், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சந்துக்குப் போனேன். போன தடவை காபி கொடுத்த அதே வீடுகள். விஷயத்தைச் சொன்னதும் ஒவ்வொரு வாசலிலும் முகம் மாறியது. 'அன்னைக்கு இல்லைன்னு நீங்கதான எழுதுனீங்க, இன்னைக்கு இருக்குன்னா எப்படி?' என்று ஒருவர். 'கீழத்தெருவுக்குக் கார் நிறுத்த எடம் பத்தலையோ?' என்று இன்னொருவர். ஒரு பெண் என் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கிக் கிழித்து என் மேலேயே போட்டாள். ஒரு வீட்டில் நானே போய்ச் சுவரில் நகத்தால் சுரண்டினேன். பட்டி உதிர்ந்து விரிசல் பல்லைக் காட்டியது. அந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது நீ சுரண்டுனதுல வந்தது" என்றார். இவர்களை என்ன செய்வது? எனக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது.

ஏழு நாள் இப்படியே நடந்தேன். ஒரு கையெழுத்துக்கூட விழவில்லை. எட்டாம் நாள், புதன்கிழமை காலையில், பாக்கியத்தாய் என்னை வாசலிலேயே நிறுத்தித் திட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே கட்டிலிலிருந்து சோணைமுத்து குரல் கொடுத்தார்.

"அந்தப் புள்ளைய உள்ள விடு."

போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எழுதிக்கங்க. தலைமாட்டுல ஒண்ணு, நாலடி நீளம், ரெண்டு நூலு அகலம், கால் இஞ்சு. ஜன்னல் மேல ஒண்ணு, அது குறுக்கால போகுது, மூணு நூலு. கிரைண்டர் சுவத்துல ஒண்ணு, மேலருந்து தரை வரைக்கும். கடைக்கால் ஆழம் ரெண்டடிகூடக் கெடையாது. எனக்குத் தெரியாதா? ஆறு வருசமா இதைத்தான பாத்துக்கிட்டு கெடக்கேன்."

"அடைச்சது யாருண்ணே?"

"நாந்தான். படுத்துக்கிட்டே சொல்லிக் குடுத்தேன். எவ்வளவு பட்டி, எவ்வளவு தண்ணி, உப்புத்தாளு எப்படித் தேய்க்கணும்னு. நாப்பத்திரண்டு வீட்டுக்காரய்ங்களும் இந்தக் கட்டிலச் சுத்தி நின்னு கேட்டுட்டுப் போனாய்ங்க. விழுந்ததுக்கப்புறம் நான் பாத்த ஒரே வேலை." அவர் கையை நீட்டித் தலைமாட்டுச் சுவரைத் தடவினார். "நல்லாத்தான் பாத்திருக்கேன் போல."

பாக்கியத்தாய் படிவத்தின் மேல் கையை வைத்து மறைத்தார். "இதுல கையெழுத்துப் போட்டா நோட்டீஸ் ஒட்டிருவாய்ங்க. ஒங்களத் தூக்கிக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?"

"வீடு எம்மேல விழுந்தா மட்டும் எங்கிட்டுப் போவ?"

பாக்கியத்தாய் கையை எடுத்தார். சோணைமுத்து கையெழுத்துப் போட்டார். நிதானமான, அழகான கையெழுத்து.

நௌஷாத் அதை ஏற்றியபோது நான் பக்கத்தில் நின்றேன். மூன்றாவது வீடு கருநீலத்திலிருந்து மெல்ல வெளிறி வெள்ளையானது. எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அடுத்த கணம் நான்காவது வீடு இன்னும் இருண்டது. பதினெட்டாக இருந்த எண் முப்பத்தொன்று ஆனது.

"என்ன தம்பி இது?"

"அவங்க பங்கை யாராவது எடுத்துக்கணும்லக்கா. பக்கத்துச் சுவருதான் கிட்ட இருக்கு."

நான்காவது வீடு விஜயராணியுடையது. கணவர் இல்லை. ஒரே மகள் தன்ஷிகா, நகைக்கடையில் பில் போடுகிறாள். அன்று மத்தியானமே ஓடினேன். விஜயராணி வாசலில் கோலமாவைச் சலித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பூவைக்க வருகிறார்களாம்.

நான் மறைக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார், அவர் பங்கும் சேர்ந்து உங்கள் வீட்டு மேலேதான் வருகிறது, தாங்காது என்று அப்படியே சொன்னேன்.

"அப்ப அவருக்கு நல்லது பண்ணுறேன்னு எங்க மேல தூக்கிப் போட்டுட்டீக," என்றார் விஜயராணி. கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"நீங்களும் கையெழுத்துப் போட்டா ஒங்க வீடும் தப்பிக்கும்."

"எங்களுக்கு அடுத்த வீடு?"

விஜயராணி சல்லடையைத் தட்டி வைத்தார். "இங்க பாருங்க. நாளக்கழிச்சு பூவைக்க வர்றாக. வாசல்ல செவப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தா படி ஏறுவாகளா? வெள்ளிக்கிழமை முடியட்டும். சனிக்கிழமை வாங்க, நூறு கையெழுத்துப் போடுறேன்."

"மெஷினு நாளைக்கு வருது."

"எத்தனையோ ரயிலு வந்துருச்சு, போயிருச்சு."

"சரி, நாளைக்குக் காலைல மட்டும் வீட்டைப் பூட்டிட்டு வெளிய எங்கிட்டாவது போயிருங்கம்மா. ரெண்டு மணி நேரம். ஒங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன்."

"சமையக்காரரு பாத்திரம் எறக்க வர்றாரு. பூட்டிட்டுப் போகவா?" என்றவர், என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "பாப்போம், பாப்போம், காபி சாப்பிடுறீகளா?" என்றார்.

நான் அலுவலகத்துக்குத் திரும்பினேன். மத்தியானம் மூன்று மணி. என் மேஜையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். தேதி போட்டேன். பெறுநர் போட்டேன். 'கீழே கையெழுத்திட்டுள்ள நான்' என்று எழுதினேன். ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்பும்வரை அந்த வரிக்குக் கீழே வேறு எதுவும் எழுதவில்லை. விஜயராணி எப்படியும் வெளியே போய்விடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பத்தொன்று என்பது என்ன, ஒரு விரல் அகலம்கூட இருக்காது என்றும் சொல்லிக்கொண்டேன். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு மெஷின் சந்துக்கு அடியில் நுழைந்தது. நான் கட்டுப்பாட்டு அறையில் நௌஷாத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். அங்கே சத்தமே இல்லை. திரையில் எண்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தன. நான்காவது வீடு எட்டு. பதினாலு. இருபத்திரண்டு. முதல் நாள் மாலையிலிருந்து நான் சோறு தின்னவில்லை. இருபத்தொன்பதில் எண் நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அப்படியே நின்றது.

"தாங்கிருச்சு போலக்கா," என்றான் நௌஷாத்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சாமி, என்று நான் வாய்விட்டுச் சொன்ன நேரத்தில் தொலைபேசி அடித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது சந்து முழுக்கத் தூசி. நான்காவது வீடு இருந்த இடத்தில் செங்கல் குவியல். பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்கள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தன. சமையல்காரர் பாத்திரத்தை இறக்கிவிட்டு ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் போயிருந்தார். விஜயராணி அடுக்களையில் இருந்திருக்கிறார். தன்ஷிகாவை யாரோ கடையிலிருந்து வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண் கத்தவில்லை, அழவில்லை. ஒவ்வொரு செங்கலாக எடுத்துப் பக்கத்தில் அடுக்க ஆரம்பித்தாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது வீடு நின்றது. பொதுச்சுவர் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. பாக்கியத்தாய் இடிபாட்டில் மற்றவர்களோடு மண் அள்ளிக்கொண்டிருந்தார். நான் உள்ளே சோணைமுத்துவிடம் போனேன். அவர் முகத்தில் சுண்ணாம்புத் தூசி படிந்திருந்தது. துடைத்துவிட ஆள் இல்லை.

"கூப்புட்டுச்சும்மா," என்றார். "செவுத்துக்கு அந்தப் பக்கத்துலருந்து. அண்ணே, அண்ணேன்னு. ரொம்ப நேரம். அப்புறம் நின்னுருச்சு. நானும் கத்துனேன். இங்க கெடக்கா, இந்தா இங்க கெடக்கான்னு. எல்லாரும் தெருவுல கத்திக்கிட்டு இருந்தாய்ங்க, என் சத்தம் யாருக்குக் கேக்கும்?" அவர் இரண்டு கையாலும் தன் தொடைகளை ஓங்கி ஓங்கி அடித்தார். அதில் அவருக்கு வலி தெரியாது என்பதுதான் எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

விசாரணை நடந்தது. 'சமன் தனக்குத் தரப்பட்ட தகவலின்படி சரியாக இயங்கியுள்ளது' என்று அறிக்கை வந்தது. அதோடு விஜயராணியின் படிவத்தை இணைத்திருந்தார்கள். விரிசல் இல்லை. கீழே அவருடைய கையெழுத்து. தன் வீட்டின் நிலையைத் தானே மறைத்தவர் என்று முடித்துவிட்டார்கள். அந்த வார்த்தையை எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. சொந்த முயற்சியில் மறு ஆய்வு செய்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியதற்காக. மீதி நாற்பத்தொரு வீடுகளிலும் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். பாக்கியத்தாய் வீட்டிலும்தான். சோணைமுத்துவைக் கட்டிலோடு சரக்கு வண்டியில் ஏற்றியபோது சந்துக்காரர்கள் ஒருவர்கூடக் கைகொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தவன் என்றார்கள். நானும் நௌஷாத்தும்தான் தூக்கினோம்.

ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. ரயில் ஓடுகிறது. நிலையம் நன்றாகக் குளுகுளுவென்று இருக்கிறது. நான் ஒருமுறைகூட ஏறவில்லை.

இப்போது இரண்டாவது லைன் தோண்டுகிறார்கள். அது நான் குடியிருக்கும் பூஞ்சோலை நகர் வழியாகப் போகிறது. ஈயக்காரச் சந்து விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சமன் என்றால் என்ன, அது யாரைத் தொடும், யாரைத் தொடாது என்பதெல்லாம் இன்றைக்குக் காய்கறிக்காரருக்கும் தெரியும். எங்கள் பகுதியில் இப்போது யாரும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை. பட்டப்பகலில் டொக்கு டொக்கென்று சத்தம் கேட்கிறது. இரும்புக்கடையில் சுத்தியலும் உளியும் தீர்ந்துபோய், திண்டுக்கல்லிலிருந்து வரவழைக்கிறார்கள். நோட்டீஸ் ஒட்டினால் ஒட்டட்டும், வீடு தலைமேல் விழாமல் இருந்தால் போதும் என்று அவரவர் வீட்டை அவரவரே உடைக்கிறார்கள். சிலர் ஆள் வைத்து, அழகாக, மேலிருந்து கீழாக விரிசல் போட்டுக்கொள்கிறார்கள். எல்லாரும் நோஞ்சானாகிவிட்டால் சமன் என்ன செய்யும் என்று நௌஷாத்திடம் போனில் கேட்டேன். "இருக்கிறதுலயே தெம்பானவனைத் தேடும்க்கா. கடைசியா ஒருத்தன் இருப்பான்ல," என்றான்.

என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர்தான். அங்கே அமலோற்பவம் டீச்சர் தன் தங்கையோடு இருக்கிறார். நல்ல மனுஷி. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவார். முந்தாநாள் காலை குப்பை கொட்டும்போது என்னைப் பார்த்து நின்றார்.

"நாளைக்கழிச்சு ஆய்வுக்கு வர்றாங்களாமே தவமணி. உங்க வீட்டுல விரிசல் ஏதும் இருக்கா?"

"இல்ல டீச்சர். உங்க வீட்டுல?"

"எங்களுதுலயும் இல்ல. ரெண்டுமே ஒரே காண்ட்ராக்டர் கட்டுனது. நல்லாக் கட்டியிருக்கான்." வாளியைக் கீழே வைத்தார். "உள்ளதை உள்ளபடி சொல்லிருவோம். ரெண்டு பேரும் சொன்னா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. தாங்கிரும்ல?"

"தாங்கும் டீச்சர். கட்டாயம் தாங்கும்."

உண்மையாகவே தாங்கும். இது என் தொழில், எனக்குத் தெரியும். அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது. இந்தத் தடவை சரியாக நடந்துகொள்வேன் என்று நினைத்தேன். விஜயராணிக்குச் செய்யாததை டீச்சருக்காவது செய்வேன் என்று நினைத்தேன்.

நேற்று மத்தியானம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, புதுச் சுத்தியலைப் பையிலிருந்து எடுத்தேன். பொதுச்சுவரில் காலண்டரைக் கழற்றி வைத்தேன். டீச்சருக்குக் கேட்காமல் இருக்கத் துண்டை நாலாக மடித்துச் சுவரில் வைத்து, அதன் மேல் ஓர் அடி அடித்தேன். பிறகு இரண்டாவது. மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, துணி வைத்து அடிப்பது போல் மந்தமான ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. இரண்டு பக்கமும் அமைதியாக இருந்தது. டீச்சர் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் இங்கே நிற்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும், இரண்டு பேருக்கும் கேட்டிருக்கும்.

நான் துண்டை எடுத்துக் கீழே போட்டேன். இனி அது எதற்கு?

வெறும் சுவரில் ஓங்கி அடித்தேன். அந்தப் பக்கமும் அடித்தார்கள். இன்று காலை ஆய்வுக்கு வந்த பெண் மணியடிக்கும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் நிறுத்தவில்லை.